ஓடிபி அண்ணனிடம் இருக்கிறது

பேச்சு நின்றுபோன இரண்டு வீடுகளில் அன்று காலை முதலில் பேசியது அண்ணிதான். அதுவும் சமாதானத்துக்காக அல்ல.

"மருந்துக் கடையிலேர்ந்து பேசறேன்" என்றாள்.

நாத்தனாருக்குப் போன் போட்டு யாராவது இப்படி ஆரம்பிப்பார்களா? அண்ணி ஆரம்பித்தாள். கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை கூடிவிடும்.

"சொல்லுங்க அண்ணி" என்றாள் சின்னவள், வாயில் பற்பசை நுரையோடு.

"கவுண்டர்ல ஒரு தாத்தா நிக்கறார். நம்ம ஆப்புல மணி அடிக்கலைங்கறார். நேத்து ராத்திரி கடை மூடற நேரத்துல ஒரு அம்மாவும் இதையேதான் சொன்னாங்க."

"சைலன்ட்ல போட்டிருப்பாங்க."

"நானே போனை வாங்கிப் பார்த்துட்டேன். சைலன்ட்ல இல்ல. மாத்திரை படம் வருது, பேர் வருது. சத்தம் மட்டும் வரல."

சின்னவள் நுரையைத் துப்பினாள். வாயைக் கொப்பளிக்க மறந்துவிட்டாள்.

போன வாரக் கதையில் பெரியவன் பெட்டியோடு படியிறங்கியதைப் பார்த்த நம்மில் பாதிப் பேர் அண்ணன் கட்சி, பாதிப் பேர் தங்கை கட்சி. கட்சி எதுவானாலும் கதை ஒன்றுதான். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

'மாத்திரை மணி' என்கிற ஆப் பிறந்ததே பெரியவனுக்காகத்தான். பள்ளி நாளிலிருந்து அவனுக்கு வலிப்பு உண்டு. காலையும் மாலையும் மாத்திரை போட்டால் ராஜா மாதிரி இருப்பான். போட மறப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. தங்கை கம்ப்யூட்டர் படித்தவள், அண்ணனுக்காக ஒரு ஆப் எழுதினாள். நேரம் வந்தால் மணி அடிக்கும், போட்டேன் என்று தட்டும்வரை விடாது. இன்று அதை நம்பி மாத்திரை போடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

வாரா வாரம் புது வெர்ஷனை ஆப் ஸ்டோருக்கு அனுப்புவது பெரியவன் வேலை. சாப்பாட்டு மேஜையில் போன்களைப் பரப்பி, ஒவ்வொரு மணியையும் கண்ணை மூடிக் காதால் கேட்பான். திருப்தியானால்தான் பட்டனைத் தட்டுவான். அரை நாள் போய்விடும்.

சின்னவளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஹால் அலமாரியில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் அதற்கு டப்பா என்று பேர். இவள் புரோகிராமைத் திருத்திச் சேமித்தால் போதும். மிச்சத்தை டப்பா பார்த்துக்கொள்ளும். ஆப்பைத் தயார் செய்யும், ஒயர் மாட்டி வைத்திருக்கும் போன்களில் சோதித்துப் பார்க்கும், இரண்டு வகைப் போனுக்கான ஸ்டோர்களுக்கும் அனுப்பும், கடைசியில் பச்சை விளக்கைக் காட்டும்.

"அப்ப நான் எதுக்கு?" என்று கேட்டான் பெரியவன்.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில்கள் நிறைய இருந்தன. சின்னவள் "நீ ரெஸ்ட் எடுண்ணா" என்றாள்.

அவ்வளவுதான். பெரியவன் மனைவியோடு மூன்று தெரு தள்ளி வீடு பார்த்துப் போனான். வலிப்பு வந்து பல வருஷம் ஆனதால், மாத்திரையை விடாமல் போடுகிறவரை வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது பார்சல் வேன் ஓட்டுகிறான்.

"என்ன சத்தத்தையே காணோம்?" என்றாள் அண்ணி போனில்.

"பார்க்கறேன் அண்ணி. உடனே பார்க்கறேன்."

லேப்டாப்பைத் திறந்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பச்சை விளக்கு நல்ல பிள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

"என்னடி, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தறே?" என்று அம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும்தான் சின்னவளுக்குப் பொறி தட்டியது.

டப்பா சோதனை செய்கிறபோதெல்லாம் ஆப்பில் இருக்கிற அத்தனை மணியும் ஒவ்வொன்றாக அடிக்கும். சேவல் கூவும், சைரன் ஊளையிடும், பள்ளிக்கூட மணி அடிக்கும். அலமாரிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் கட்டில். மதியம் கண்ணயர்கிற நேரத்தில் சேவல் கூவினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "இந்த எழவை நிறுத்தித் தொலை, இல்லாட்டி நானும் உங்கண்ணன் வீட்டுக்கே போயிடறேன்" என்று சென்ற வாரம் அம்மா ஒரு போடு போட்டாள். சின்னவள் சோதனைக்கு மட்டும் சத்தம் பூஜ்யம் என்று ஒரு வரி எழுதினாள். அவசரத்தில் எழுதினாள். சோதனைப் பக்கத்தில் எழுத வேண்டிய வரியைப் பொதுப் பக்கத்தில் எழுதிவிட்டாள்.

பொதுப் பக்கத்தில் இருப்பது ஸ்டோருக்கும் போகும்.

டப்பா என்ன செய்யும், பாவம்? மணி அடி என்று உத்தரவு போகிறதா என்று பார்த்தது. போனது. பச்சை விளக்கைப் போட்டது. சத்தம் வந்ததா என்று கேட்க அதற்குக் காது கிடையாது. காது இருந்தவன் மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கிறான்.

சின்னவள் போனை எடுத்தாள். அண்ணியைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, தப்பு என்னோடதுதான். முந்தாநாள் மதியம் போன வெர்ஷன்ல சத்தம் செத்துப்போச்சு. சரிபண்ணி அனுப்பிடறேன்." அப்புறம் கேட்டாள். "அண்ணன் மாத்திரை போட்டானா?"

அந்தப் பக்கம் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது மட்டும் கேட்டது.

"அண்ணி?"

"காலைல அவர் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே நான் கடைக்கு வந்துடறேன். சாயங்காலம் அவர் ரோட்டுல இருப்பார். மணி அடிக்கும், போட்டுக்குவார்னு..." அண்ணி முடிக்கவில்லை. "வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்."

சின்னவள் அந்த வரியை அழித்தாள். ஒரே ஒரு வரி. சேமித்தாள். டப்பா உறுமத் தொடங்கியது.

அது ஆப்பைத் தயார் செய்து முடிக்கிற நேரம் இருக்கிறதே, அது சாதாரண நாளிலேயே இழுக்கும். அன்று மெதுவில் ஆமையே தோற்றது. சின்னவள் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடந்தாள். ஆப் வைத்திருக்கிற எல்லோருக்கும் எச்சரிக்கை மெயில் ஒன்றை அனுப்பினாள். மாத்திரையை மறக்கிற ஆட்களா மெயிலைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்? அது அவளுக்கும் தெரியும், ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை.

முதல் ஸ்டோருக்குப் போனது. ஏற்றுக்கொண்டார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

இரண்டாவது ஸ்டோரில் டப்பா நின்றது. விளக்கு சிவப்பு.

'உங்கள் உள்நுழைவு காலாவதியாகிவிட்டது. கணக்கின் உரிமையாளருக்கு ஆறு இலக்க எண்ணை அனுப்பியிருக்கிறோம்.'

உரிமையாளர் யார்? பெரியவன். கணக்கு தொடங்கிய நாளில் அவன் பேர், அவன் போன். அவன் போன பிறகு மாற்ற வேண்டும் என்று சின்னவள் நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருந்தாள்.

போன் செய்தாள். எடுக்கவில்லை. 'எண்ணை மீண்டும் அனுப்பு' என்பதைத் தட்டினாள். மறுபடி போன். எடுக்கவில்லை. மறுபடி தட்டினாள். பதற்றத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கிற வேனுக்குள் பெரியவனின் போன் கிணுகிணுக்கும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

ஒருவழியாகப் பதில் வந்தது.

'எல்லாம் டப்பா பார்த்துக்கும்னு சொன்னீங்களே மேடம். ஓடிபியையும் அதுகிட்டயே கேளுங்க.'

மேடம்! பிறந்ததிலிருந்து அவளை 'வாலு' என்று கூப்பிடுகிறவன். சின்னவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் ரோஷப்பட இது நேரமில்லை.

'அண்ணா, மாத்திரை போட்டியா?' என்று அடித்தாள்.

'ஐஸ் வைக்காதே. வண்டி ஓட்டறேன்.'

'ஐயோ அண்ணா, ஐஸ் இல்ல. ஆப்புல மணி அடிக்கல, முந்தாநாள்லேர்ந்து. நீ போட்டிருக்க மாட்டே. வண்டியை ஓரங்கட்டு, ஓட்டாதே.'

ஒற்றை டிக். அது இரட்டையாகவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். சுவிட்ச் ஆஃப். இத்தனை தடவை கிணுகிணுத்தால் யார்தான் அணைக்க மாட்டார்கள்?

வாசலில் ஸ்கூட்டர் சத்தம். அண்ணி வந்து நின்றாள். வீட்டைவிட்டுப் போன பிறகு இந்தப் படியை இன்றுதான் மிதிக்கிறாள். கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"நாலு வேளை போட்டிருக்கணும். ஒண்ணுகூடக் கிழியல."

அம்மா அட்டையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "என்னாச்சு? யாராவது வாயத் திறந்து சொல்லுங்களேன்!"

சின்னவள் சொன்னாள். சேவல் கூவியதிலிருந்து சொன்னாள். அம்மா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் தூங்கறதுக்காகவா?"

"நீ கேட்டது தப்பில்லமா. நான் எழுதின இடம் தப்பு."

அண்ணி பார்சல் ஆபீசுக்குப் போன் போட்டாள். வண்டி காலையிலேயே கிளம்பிவிட்டதாம், திரும்பச் சாயங்காலம் ஆகுமாம். டிரைவரிடமிருந்து போன் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். சொல்வார்கள் என்று உட்கார்ந்திருக்க இரண்டு பேராலும் முடியவில்லை. அம்மாவைப் போனுக்குக் காவல் வைத்துவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினார்கள்.

ஊரில் இத்தனை வெள்ளை வேன் ஓடுகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ரொட்டி வேன், சலவை வேன், பள்ளிக்கூட வேன். பின்னால் உட்கார்ந்த சின்னவள் ஒவ்வொன்றையும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

சிக்னலில் நின்றபோது அண்ணி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசினாள். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"திட்டுங்க அண்ணி."

"திட்டல. அந்த டப்பா வந்தப்ப அவருக்கு ஒரு வேலை வெச்சிருக்கலாம் இல்ல? மணி கேக்கற வேலைய மட்டுமாவது?"

சிக்னல் பச்சையானது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

"அதுக்கு ரொம்ப நேரமாகும்னு நினைச்சேன்" என்றாள் சின்னவள், ஸ்கூட்டர் நகர்ந்த பிறகு.

"இப்ப எவ்வளவு நேரமாகுது பாரு."

சுருக்கென்று குத்தினாலும் அதில் பொய்யில்லை. அண்ணியின் முதுகைப் பார்த்தபடி சின்னவள் சத்தமில்லாமல் அழுதாள். காற்றில் கண்ணீர் காதுப் பக்கம் ஓடியது.

சந்தைச் சாலை, ரயிலடி, மருத்துவமனை வாசல் என்று சுற்றியாயிற்று. பொழுது சாய ஆரம்பித்தபோது அம்மாவின் போன் வந்தது.

"ரெண்டு பேரும் திரும்புங்க. அவன் இங்கதான் இருக்கான்."

வாசலில் வேன் நின்றது. பெரியவன் ஹாலில் நின்றிருந்தான், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"டீ குடிக்க நிறுத்தினப்பதான் போனைப் போட்டேன்" என்றான். "மெசேஜ் பெட்டி முழுக்க ஓடிபி. வாலு ஒரு தடவை கேட்டா வம்பு, இத்தனை தடவை கேட்டா வேற ஏதோன்னு தோணுச்சு. அப்புறம்தான் கடைசி மெசேஜைப் பார்த்தேன். பக்கத்துல வீடுன்னா இதுதான். வந்துட்டேன்."

"வண்டியை அங்கேயே விட்டுட்டு ஆட்டோல வர வேண்டியதுதானே!" அண்ணி அலறினாள். மரியாதையெல்லாம் பறந்துபோய்விட்டது. "முதல்ல இதை முழுங்கு!"

அவன் முழுங்கினான். அம்மா தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டே நின்றாள், குடித்து முடித்த பிறகும்.

"உட்காருண்ணா" என்றாள் சின்னவள். "மன்னிச்சுடு. ஓடிபி அப்புறம் தரலாம். நீ முதல்ல படு."

"எத்தனை பேருக்குச் சாயங்கால மணி அடிக்கணும்?"

"ரெண்டாவது ஸ்டோர்காரங்க எல்லாருக்கும்."

"அப்ப படுக்கற நேரமா இது? ஆனா நான் கேக்காம அனுப்ப மாட்டேன். போடு."

அவள் சோதனைப் போனில் புது வெர்ஷனைத் திறந்து தட்டினாள். பெரியவன் கண்ணை மூடிக்கொண்டான். சேவல் கூவியது. சைரன் ஊளையிட்டது. பள்ளிக்கூட மணி ஹால் முழுக்க அடித்தது. அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்த அத்தனை சத்தமும் வரிசையாக வந்தது. அம்மா காதைப் பொத்தவில்லை.

"சைரன் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றான்.

"அண்ணா!"

"சரி, சரி. அதை அடுத்த வாரம் பார்த்துக்கலாம். இப்ப அனுப்பு, வாலு."

சின்னவளுக்கு மூக்கு உறிஞ்ச நேரமில்லை. எண்ணை அனுப்பு என்று தட்டினாள். அவன் போன் கிணுகிணுத்தது. அவள் விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டாள்.

"நாலு" என்றான். "ஒன்பது. ரெண்டு."

அவள் அடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

"அப்புறம்?"

பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். பெரியவன் சுவரில் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒன்றுமில்லை. போன் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"பிடி!" என்றாள் அண்ணி.

சின்னவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். இரண்டு பேருமாகத் தாங்கி அவனைத் தரையில் இறக்கினார்கள். உடம்பு விறைத்து உதறத் தொடங்கியது. அண்ணி மேஜையைக் காலால் எட்டித் தள்ளினாள், தன் துப்பட்டாவைச் சுருட்டி அவன் தலைக்குக் கீழே கொடுத்தாள், ஒருக்களித்துத் திருப்பினாள்.

"அமுக்காதே. வாயில எதையும் வைக்காதே. தலையை மட்டும் பார்த்துக்க."

சின்னவள் அவன் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். திரையில் மூன்று எண்ணும் மூன்று காலிக் கட்டமும். ஓடிபி கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். மறுபடி கேட்டால் வரும்தான். ஆனால் கையை எப்படி எடுப்பது? அவள் திரையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது அம்மா குனிந்து தரையிலிருந்த போனை எடுத்தாள். இன்னொரு கையால் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். கண்ணாடி இல்லை. போனைத் தூரத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழு" என்றாள் அழுதுகொண்டே, ஒற்றை விரலால் எண்ணைத் தேடி அழுத்தினாள். "பூஜ்யம். அப்புறம் இது என்னடி, மூணா எட்டா? மூணு. மூணுதான். இப்ப எதைத் தட்டணும்?"

"நீலப் பட்டன்மா."

அம்மா நீலப் பட்டனைத் தட்டினாள். டப்பா உறுமத் தொடங்கியது.

உதறல் மெல்ல அடங்கியது. மூச்சு சீரானது. அண்ணி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து அவன் நெற்றியைத் துடைத்தாள். லேப்டாப்பில் 'அவசரப் பரிசீலனைக்கு ஏற்கப்பட்டது' என்று வந்ததை அம்மாதான் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

பெரியவன் கண்ணைத் திறந்தான். எங்கே இருக்கிறோம் என்று புரிய அவனுக்கு நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சுருங்கியது.

"வந்துடுச்சா?" என்றான்.

அண்ணி அவன் தலைக்குக் கீழிருந்த துப்பட்டாவைச் சரிசெய்தாள். அதுவே பதிலாக இருந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லாதீங்க." நாக்கு குழறியது. "சொன்னா ஓட்டக் கூடாதும்பார். இந்த வேலையும் போயிடும்."

அண்ணி அவன் சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். நாத்தனாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, கெஞ்சல் இருந்ததா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. இந்த வேலையும் என்கிறானே, முதல் வேலையைப் பிடுங்கியது யார் என்பது மட்டும் தெரிந்தது. இரண்டாவதையும் அவள் கையாலேயே பிடுங்க வேண்டுமா?

"நீ திரும்பி வாண்ணா" என்றாள். "மணி கேக்கற வேலைக்கு."

"பாவம் பார்த்துக் குடுக்கற வேலை எனக்கு வேண்டாம்."

"பாவம் பார்த்தா?" அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "இன்னிக்கு நாள் பூரா நான் பட்டது தெரியுமா உனக்கு?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மேஜையிலிருந்த சோதனைப் போன் திடீரென்று அடித்தது. சேவல். சோதனைக்கென்று அதில் பதிந்திருந்தது அவனுடைய நேரம்தான், மாலை மாத்திரைக்கான நேரம். போட்டாயிற்று என்று ஒரு தட்டுத் தட்டினால் நின்றுவிடும். சின்னவள் கை நீட்டினாள்.

"இருக்கட்டும் விடு" என்றாள் அம்மா. "அடிக்கட்டும்."

சேவல் கூவிக்கொண்டிருந்தபோதே சின்னவள் தன் போனில் டாக்டரின் எண்ணைத் தேடி எடுத்தாள். பெரியவன் திரும்பிப் பார்த்தான். "வேண்டாம் வாலு" என்றான், மிக மெதுவாக.

அவள் எண்ணைத் தட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தாள். கண்ணை அவன் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"டாக்டர், வண்டி ஓட்டலாம்னு எழுதிக் குடுத்தீங்களே, அவரோட தங்கச்சி பேசறேன்."